மணிமுடி இறக்கிய கல்

ஏழுபனைக் கொட்டாய்,
திண்டிவனம் வழி.
12-2-1986

விழுப்புரம் மாநகரைத் தட்டெழுத்துப் பொறியால் ஆண்டுகொண்டிருக்கும் என் அக்காள் மகள் காந்திமதிக்கு, ஏழு பனைகளுக்கும் (அதில் நான்கு பட்டுப்போய்விட்டன) ஏகாதிபதியான உன் மாமன் சக்கரபாணி விடுக்கும் திருமுகம்.

இங்கே நான் நலம். உன் அத்தை ராஜாமணியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போய்விட்டது. நான் வடக்கே நடந்தால் அது தெற்கே நடக்கிறது. உன் சளி தேவலையா? கண்டமங்கலத்திலிருந்து உன் அம்மா எழுதினாளா?

விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். போன வாரம் ஜீப்பில் ஒரு ஓவர்சியர் வந்து இறங்கினான். நாடாவைப் பிடித்து அளந்தான், புளியமரங்களுக்கு நம்பர் போட்டான், கடைசியில் நம் ஊர் முனைச் சுமைதாங்கிக் கல் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டான். நான் அவன் முன்னால் போய் நின்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு குத்துக்கல், மேலே ஒரு பலகைக் கல், ஆள் கழுத்து உயரம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன் மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம்.

"இன்னாத்துக்கு சார் இந்தக் கோடு?" என்றேன்.

"கல்லு ரோட்டுல வருது பெருசு. எடுத்துடுவோம்."

"இது என்னா கல்லுன்னு தெரியுமா உனக்கு?"

"என்னா கல்லு?"

அந்த வினாடியில் சரஸ்வதி என் நாக்கில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மகேந்திர பல்லவன் கோயில் குடைய மண்டகப்பட்டுக்குப் போய்க்கினு இருந்தப்போ, கிரீடத்தோட கனம் தாங்காம இந்தக் கல்லு மேலதான் எறக்கி வச்சான். தொட்டா கேஸு ஆயிடும் சார்!"

அவன் பெயிண்ட் டப்பாவை மூடினான். "அப்பிடின்னு எங்கேர்ந்தாவது ஒரு லெட்டர் கொண்டாங்க. ஜல்தியா கொண்டாங்க. ஏப்ரல்ல புல்டோசர் வந்துரும்."

நீ உத்தியோகம் பார்ப்பது வட்டார வரலாற்றுப் பேரவையில். ரோட்டோரமெல்லாம் கல் நட்டு 'இங்கேதான் இன்னது நடந்தது' என்று எழுதுகிறவர்கள். எனக்கு ஒரு லெட்டர் தட்ட மாட்டாயா? அந்தக் கல் அங்கேயே நிற்க வேண்டும். ஏன் என்று கேட்காதே. மல்லாட்டை (உன் தட்டெழுத்தில் நிலக்கடலை) மூட்டையோடு வரும் உன் மாமனுக்கு இளைப்பாற வேறு இடமில்லை என்று வைத்துக்கொள்.

பதில் வரும் வரை அன்னம் தண்ணீர் தொடமாட்டேன் (காபி கணக்கில்லை).

ஏகாதிபதி சக்கரபாணி


விழுப்புரம்,
24-2-1986

அன்புள்ள மாமாவுக்குக் காந்திமதியின் வணக்கம். சளி போய்விட்டது, இருமல் இருக்கிறது. அம்மா சுகம். உங்கள் முழங்காலுக்கு அத்தையை நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை எங்கள் தலைவர் சுப்பராயலு அய்யாவிடம் படித்துக் காட்டினேன். தன் அரிசி மில்லை ஆரம்பித்த நாளிலிருந்து அவர் அப்படி எழுந்து நின்றிருக்க மாட்டார். "பல்லவன்! நம்ம ரோட்டுல! இத்தினி நாளா யாரும் சொல்லலியேம்மா!" என்று இரண்டு முறை மேசையைத் தட்டினார். இதுவரை பேரவை நட்ட ஏழு கல்லிலும் ஒரு ராஜாகூடக் கிடையாது. எல்லாம் ஜமீன், தாசில்தார், அவருடைய பெரியப்பா.

மாமா, மெய்யாகவே கேட்கிறேன். நீங்கள் சொன்னதில் எத்தனை வீசம் உண்மை? தலைவருக்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். ஆதாரம் மாதிரி இருந்தாலும் போதும் என்கிறார்.

இன்னொன்று. படிவத்தில் 'கல்லில் எழுத்து உண்டா?' என்று ஒரு கேள்வி. சின்ன வயதில் லீவுக்கு வந்தபோது அந்தப் பலகைக் கல்லின் விளிம்பை விரலால் தடவிய ஞாபகம் இருக்கிறது. ஏதோ எழுத்து இருந்ததே, அது என்ன?

அன்புடன்,
காந்திமதி


ஏழுபனைக் கொட்டாய்,
9-3-1986

பேரவையின் பெருந்தூணே, காந்திமதி,

ராஜாமணி போட்ட ஒத்தடத்தில் முழங்கால் வெந்து, சோறு போட்டுப் பிசைந்தால் சாப்பிடலாம் என்கிற பதத்தில் இருக்கிறது. மற்றபடி சுகம்.

ஆதாரம் கேட்டாயே, அள்ளிக்கொள். கிரீடத்தின் எடை ஒன்பது மணங்கு. பதினாறு யானை, அறுநூறு குதிரை, அவ்வளவும் நம் ஏரித் தண்ணீரைக் குடித்ததில் அந்த ஏரி இன்றுவரை நிரம்பவில்லை. ஏரியைப் போய்ப் பார்க்கச் சொல், காய்ந்து கிடக்கிறதா இல்லையா? மன்னன் கிரீடத்தை இறக்கிவிட்டு "அப்பாடா" என்றான். அந்த அப்பாடா மயிலம் மலையில் மோதி எதிரொலித்தது. செவிவழிச் செய்தி, எங்கள் வம்சத்தில் பதினெட்டுத் தலைமுறையாகக் காது மாற்றிக் காது வருகிறது.

எழுத்தா? ஒன்றும் இல்லை. பாசி பிடித்த கோடு. 'இல்லை' என்று போடு.

மாமன்


விழுப்புரம்,
5-4-1986

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? இனிப்பு வாங்கி வையுங்கள். பேரவையின் கடிதம் போய், ரோடு உங்கள் ஊர் முனையில் எட்டடி வளைந்து போக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரு பொய்க்காக நெடுஞ்சாலையே இடுப்பை வளைக்கிறது. உங்களைத் தவிர வேறு யாரால் முடியும்?

தலைவர் இடத்தைப் பார்க்க வருகிறார். 'எழுத்து இல்லை, வெற்றுக் கல்' என்று நீங்கள் சொன்னபடியே படிவத்தில் தட்டிவிட்டேன். பேரவையும் அங்கே ஓர் அறிவிப்புக் கல் நடும். அவருக்கு முன்னால் கொஞ்சம் வாயை அடக்கிப் பேசுங்கள்.

காந்திமதி


ஏழுபனைக் கொட்டாய்,
28-4-1986

காந்திமதிக்கு ஆசீர்வாதம்.

உங்கள் தலைவரைத் தரிசித்தேன். மூன்று நாளாயிற்று, இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறேன்.

காரிலிருந்து முதலில் தொப்பை இறங்கியது. அரை பர்லாங்கு கழித்து அவர் இறங்கினார். பின்னால் ஆறு ஜால்ரா. கல்லைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலைச் சாற்றை எங்கே துப்புவது என்று யோசித்தார். பத்துக் காணி பொட்டல் சுற்றிலும் கிடக்கிறது, காந்திமதி. அந்த மனுஷன் குத்துக்கல் மேலேயே துப்பினார். துப்பிவிட்டு, "புனிதமான எடம்யா இது!" என்றார்.

நான் ஓடிப்போய்த் துண்டை நனைத்துத் துடைத்தேன். "பெருசுக்கு இன்னா பக்தி பாரு" என்று ஜால்ராக்கள் மெய்சிலிர்த்தார்கள்.

பிறகு நம் வீட்டில் சாப்பாடு. ராஜாமணி ஆறு பேருக்கு வடித்த சோற்றை அவர் ஒருவரே சரித்திரமாக்கிவிட்டார். கையைக் கழுவுமுன் நகத்தால் பல்லைக் குத்தி, வந்ததை மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு, "கிரீடம் மட்டுமா எறக்கனான்? ராணியும் பல்லக்குலேர்ந்து எறங்கியிருப்பா. பக்கத்துல நந்தவனம் இருந்திருக்கும். எங்க முன்னோருதான் மோர் குடுத்திருப்பாங்க!" என்றார். என்னைவிடப் பெரிய புளுகன் ஒருவனை நான் இதுவரை கண்டதில்லை. பொறாமை என்று நினைக்காதே. குமட்டல். என் பொய் அந்த வாயில் மெல்லப்படுவதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

போகட்டும். கல் நிற்கிறது. அது போதும்.

சக்கரபாணி


ஏழுபனைக் கொட்டாய்,
19-6-1986

காந்திமதி,

சுகம் விசாரிக்க நேரமில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மல்லாட்டை விற்கத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் சுமைதாங்கி இல்லை. குத்துக்கல் இரண்டும் பள்ளத்தில் கிடக்கின்றன. பலகைக் கல்லை மட்டும் காணோம். மூன்று நாள் கழித்து அதே கல்லைக் கொண்டுவந்து ரேஷன் கடை போர்டு மாதிரி நட்டமாக நிறுத்திச் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள். முகத்தில் 'மாமன்னர் மணிமுடி இறக்கிய இடம்' என்று வெட்டி மஞ்சள் பெயிண்ட். அதற்குக் கீழே, ராஜா பெயரைவிட இரண்டு விரல் பெரிதாக, சுப்பராயலு பெயர்.

நேற்று நம் ஊர் வீரம்மாள் மல்லாட்டைக் கொடிக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் கல்லுக்கு நேரே வந்து நின்றுவிட்டாள். இறக்க இடமில்லை. கழுத்து நரம்பு புடைக்க அந்த போர்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுமையோடேயே ஊருக்குள் போனாள்.

இதற்கு யார் உத்தரவு கொடுத்தது? எனக்கு அது மட்டும் தெரிய வேண்டும்.

சக்கரபாணி


விழுப்புரம்,
2-7-1986

மாமாவுக்கு,

உத்தரவைத் தட்டியது நான்தான். 'இடத்தில் உள்ள வெற்றுப் பலகைக் கல்லையே அறிவிப்புக்குப் பயன்படுத்துக' என்று தலைவர் சொன்னார், தட்டினேன். வெற்றுக் கல் என்று எழுதித் தந்தது நீங்கள். நான் எழுத்து இருந்த ஞாபகம் என்று கேட்டேன், 'இல்லை' என்று போடச் சொன்னதும் நீங்கள். இப்போது என்னிடம் ஏன் எரிந்து விழுகிறீர்கள்?

கல் எங்கும் போய்விடவில்லையே. அதே கல், அதே இடம். படுத்திருந்தது, நிற்கிறது. ஊரே பெருமைப்படும் காரியம் இது. ஆகஸ்டு 15-ந் தேதி திறப்பு விழா. மேடையில் உங்களுக்கும் நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறேன். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்திமதி


ஏழுபனைக் கொட்டாய்,
14-7-1986

காந்திமதிக்கு ராஜாமணி அத்தை சொல்லி எழுதறது. எனக்கு எழுத வராது, ஸ்கூலு டீச்சரு இருதயமேரி எழுதுது. நல்லா கீறியாம்மா? வேளைக்குத் துன்றியா?

உங்க மாமா நல்லா இல்ல. கொழம்பு எப்பிடி இருக்குன்னா "நல்லாருக்கு"ன்றாரு. அவ்ளோதான். முப்பது வருசத்துல ஒரு நாளு அப்பிடி சொன்னது இல்ல. ஒண்ணு அமிர்தம்பாரு, இல்லாட்டி என்னைக் கொல்லப் பாக்குறியாம்பாரு.

அவரு சொல்லமாட்டாரு, நான் சொல்றேன். அந்தக் கல்லு கிருஷ்ணவேணியோடது. எனக்கு முன்னாடி அவருக்கு வாக்கப்பட்டவ. எட்டு மாசத்துல வலி கண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில இட்டுக்கினு போறப்போ, ஊரு முனை தாண்டல, வண்டியிலயே போயிட்டா. புள்ளையும் வயித்துக்குள்ளயே. பத்தொம்போது வயசு. வயித்துச் சுமையை எறக்காம போனவளுக்குச் சுமைதாங்கி வைக்கிறதுதானே நம்ம பக்கத்து வழக்கம்? வழியில போறவங்க சுமை எறங்க எறங்க, அவளோடதும் எறங்கும்னு. அவ பேரையும் வருசத்தையும் அந்தக் கல்லு விளிம்புல வெட்டியிருந்தாரு. உங்க வூட்டுல சொல்லியிருக்கமாட்டாங்க, பொண்ணுங்க பொழங்குற வூடு, புள்ளையோட செத்தவ பேச்சு ஆகாதுன்னு.

என்னைக் கட்டிக்கினு வந்த மூணாம் நாளு ஒரு வெறகுக்கட்டைத் தலையில தூக்கி வச்சு அங்க இட்டுக்கினு போனாரு. "இதுமேல எறக்கு"ன்னாரு. எறக்கனேன். வேற ஒண்ணும் பேசல. அதுக்கப்புறமும் பேசனது இல்ல.

ஒரு குடியானவன் பொஞ்சாதி கல்லுக்கு எவன் ரோட்டை வளைப்பான்? அதான் ராஜா கதை விட்டாரு. வருசத்தைப் பாத்தா ராஜா கதை நிக்காதுன்னு எழுத்தும் இல்லைன்னுட்டாரு. போன வாரம் அந்த முழங்காலை வச்சிக்கினு மயிலத்துக்கு நடந்தே போயி, கல்லு வெட்டுற பூமாலையைக் கேட்டுட்டு வந்தாரு. "எழுத்து இருந்துச்சுங்க, ஆர்டர்ல இல்லைன்னு போட்டிருந்துச்சு, வழிச்சுட்டேன்"னானாம். வந்து வாசல்ல உக்காந்து வாந்தி எடுத்தாரு.

எனக்கு அவ மேல ஒண்ணும் இல்லம்மா. அது நம்ம வூட்டுக் கல்லு. நீதான் எதுனா செய்யணும்.

(அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். இருதயமேரி.)


விழுப்புரம்,
26-7-1986

மாமா,

அத்தை எழுதியது வந்தது. பத்து நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்கிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். 'படுத்திருந்தது, நிற்கிறது' என்று எழுதினேனே, அந்த வரியை நினைத்தால் கூசுகிறது.

தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கல்லு நட்டாச்சு, நோட்டீசு அடிச்சாச்சும்மா. செத்தவ கல்லுன்னு இப்ப சொன்னா அபசகுனம்" என்று ஏப்பம் விட்டார். இனி ஒரு வழிதான். கதையைச் சொன்ன நீங்களே மேடையில் ஏறி, அது பொய் என்று சொல்லுங்கள். ஊர் முன்னால் நீங்கள் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

சாப்பிடுங்கள், மாமா.

காந்திமதி


ஏழுபனைக் கொட்டாய்,
18-8-1986

காந்திமதிக்கு,

சொன்னேன்.

சாமியானா, மைக் செட், நாற்காலி முந்நூறு. சுப்பராயலு ஒன்றேகால் மணி நேரம் பேசினார். கிரீடம் இப்போது இரண்டாகிவிட்டது, ராணிக்கும் ஒன்று. கடைசியில், "இந்த மாபெரும் மரபைக் காத்த பெரியவர்" என்று என்னைக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்தேன்.

"அய்யா, எல்லாரும் கேளுங்க. மகேந்திரனும் வரல, கிரீடமும் வரல. அவ்வளவும் நான் விட்ட புளுகு. அந்தக் கல்லு ஐம்பத்து நாலாம் வருசம் நான் வச்சது."

பந்தலின் கடைசியிலிருந்து ஒருவன், "ஆரம்பிச்சுட்டாருய்யா சக்கரபாணி!" என்றான். இன்னொருவன், "போன வருசம் செஞ்சிக் கோட்டையே எங்க பாட்டன் கட்டனதுன்னாரு, இப்ப கல்லு இவரு வச்சதாம்!" என்றான். முந்நூறு நாற்காலியும் சிரித்தது. குழந்தைகள் விசில் அடித்தன. ஆயுசில் ஒரே ஒரு நாள் உள்ளது உள்ளபடி பேசினேன், அன்றைக்குத்தான் என் வாழ்நாளின் மிகப்பெரிய கைதட்டல் கிடைத்தது.

யாருக்காக வைத்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவள் பெயரைப் போட எனக்கு மனம் வரவில்லை. நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தீங்களா அடக்கத்த!" என்று சுப்பராயலு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அவர் அக்குள் வியர்வையில் பாதி என் தோளுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து பொன்னாடையை எருமைக்குப் போர்த்தினேன். அது உதறிவிட்டது.

அவர் மேல் எனக்கு அருவருப்பு இருந்தது. இப்போது அது குறைந்துவிட்டது, அவ்வளவும் என் பக்கம் திரும்பிவிட்டதால். 'இல்லை என்று போடு' என்று எழுதிய கை இதுதான். இதே கையால் சோறு சாப்பிட வேண்டியிருக்கிறது.

விட்டுவிடு, அம்மா. உன் வேலையைப் பார்.

சக்கரபாணி


விழுப்புரம்,
10-9-1986

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? அத்தைக்கு என் வணக்கம். இதை அத்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் தலைவர் சனிக்கிழமை தோறும் கையெழுத்துப் போடுவார். பல் குத்திக்கொண்டே போடுவார். தாளின் தலைப்பைக்கூடப் பார்க்கமாட்டார், கீழே புள்ளி வைத்த இடத்தைத்தான் பார்ப்பார். போன சனிக்கிழமை பதினான்கு கடிதம் இருந்தது. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் பதினைந்தாவதாக ஒன்றைச் செருகினேன். கல்தச்சர் பூமாலைக்கு: 'ஏழுபனைக் கொட்டாய் முனையில் தவறாக நிறுத்தப்பட்ட பலகைக் கல்லைப் பெயர்த்து, பழைய குத்துக்கற்களின் மேல் முன்போலவே படுக்க வைத்து, வழித்த எழுத்தைக் குடும்பத்தார் சொற்படி மறுபடி வெட்டித் தரவும்.' கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆயிற்று. நகலை ஓவர்சியர் ஆபீசுக்கும் அனுப்பிவிட்டேன். இனி யாரும் கல்லைத் தொட முடியாது.

படிவத்தையும் எடுத்து ஒரு சொல்லைத் திருத்தினேன். 'கல்லில் எழுத்து உண்டா?' 'உண்டு.'

தெரிந்தால் வேலை போகும். போகட்டும். அந்த மேசையில் உட்கார்ந்து அடுத்த ராஜாவைத் தட்ட எனக்கும் கை வரவில்லை. புதுச்சேரியில் ஒரு வக்கீலுக்குத் தட்டெழுத்து ஆள் வேண்டுமாம்.

பூமாலை வரும் நாளில் திண்டிவனம் போய்விடாதீர்கள்.

காந்திமதி


ஏழுபனைக் கொட்டாய்,
2-10-1986

அன்புள்ள காந்திமதிக்கு,

புதுச்சேரியில் நீ போய்ச் சேர்ந்த வக்கீல் ஆபீஸ் எப்படி இருக்கிறது? அங்கேயாவது துப்புவதற்குத் தனிப் பாத்திரம் உண்டா? பூமாலையைக் கூப்பிட்டு வரச் சுப்பராயலு இரண்டு முறை கார் அனுப்பினார். "உங்க கையெழுத்துதானேங்க அது" என்று பூமாலை தாளை நீட்டினானாம். தான் படிக்காமல் போட்டேன் என்று அவரால் ஊரறியச் சொல்ல முடியவில்லை. மயிலம் ரோட்டில் வேறு ஒரு ராஜாவைத் தேடுவதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை பூமாலை நான்கு ஆட்களோடு வந்தான். கடப்பாரை போட்டுச் சிமெண்டை உடைத்தார்கள். குத்துக்கல்லைப் பள்ளத்திலிருந்து எடுத்து நிறுத்தி, பலகைக் கல்லைக் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். மணிமுடியும் சுப்பராயலுவும் அடிப்பக்கம் போய்விட்டார்கள். நிழலுக்கு வந்து மல்லாந்து படுக்கும் நாய் மட்டும் இனிப் பல்லவ சரித்திரம் படிக்கலாம்.

பூமாலை உளியை எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "இன்னா எழுதணும், சொல்லுங்க" என்றான்.

வாயைத் திறந்தேன். பதினாறு யானையும் அறுநூறு குதிரையும் வந்த வாய். ஒன்றும் வரவில்லை.

ராஜாமணிதான், "கிருஷ்ணவேணின்னு வெட்டு" என்றாள்.

"அப்புறம்?"

"வயசு பத்தொம்போது. ஜய வருசம் ஆவணி."

"யாரு, என்னான்னு போட வாணாமா?"

ராஜாமணி என்னைப் பார்த்தாள். "சக்கரபாணி பொஞ்சாதி" என்றேன். உளிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் சொன்னேன்.

பழைய எழுத்து மாதிரி இல்லை. அது அழகாக இருந்தது. இது அவசரத்தில் வெட்டியது, 'வே' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வழித்த இடம் சொறி பிடித்த தோல் மாதிரி அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

அவர்கள் போன பிறகு, வெயில் தாழ, வீரம்மாள் புல்லுக்கட்டோடு வந்தாள். கல்லைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நேராக வந்து கட்டை அதன் மேல் தள்ளினாள். "அப்பா" என்று கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகுதான் விளிம்பைப் பார்த்து, "புதுசா எழுத்து கீது, யாரு பேரு மாமா?" என்றாள். அவளுக்குப் படிக்க வராது.

"கிருஷ்ணவேணி. என் மொத சம்சாரம்."

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த ரோட்டில் நின்று வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. வீரம்மாள் சிரிக்கவில்லை. "நல்ல எடத்துல வச்சிருக்கே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்து, சும்மாடு கட்டி, கட்டுக்குக் கீழே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ராஜாமணி உன்னை விசாரித்தாள்.

உன் மாமன்,
சக்கரபாணி